மலைநாட்டு வானில் சிறு விமானமும் பயணிகள் விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் நின்று பார்க்கும்போது இரண்டு விமானங்கள் உரசிக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. உண்மையிலேயே ஆபத்தா?

அநேகமாக இல்லை. நமக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுச் செல்பவை பெரும்பாலும் இலங்கையில் இறங்காதவை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியா, அவுஸ்திரேலியா பக்கத்துக்கும் இடையே 30,000 அடிக்கு மேல் ஓடுபவை. 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை, ஒன்றின் மேல் ஒன்று கடக்க 1,000 அடி இடைவெளி போதும் என்பது சர்வதேச விதி. அது சுமார் 305 மீற்றர். கீழே நிற்பவருக்கும் அந்த விமானங்களுக்கும் இடையே ஏறக்குறைய 9 கிலோமீற்றர் இருக்கும்போது, இந்த 305 மீற்றரை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதும் ஒன்றும் சொல்லாது. முதல் விமானம் போய்ச் சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது வந்திருக்கலாம்.

ஃப்ளைட்ராடார்24 செயலியில் இரண்டு விமானப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அதுவுமா தப்புக் கணக்கு?

படத்தைப் பார்க்காமல் உயர எண்ணைப் பாருங்கள். ஒன்று 35,000, மற்றது 36,000 என்றால் விதிப்படியே போகின்றன. மலைப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரையிலுள்ள ஏற்பிக்கு விமானத்தின் சமிக்ஞை நேர்கோட்டில் எட்ட வேண்டும். எட்டாத இடத்தில் செயலி, விமானம் இங்கே இருக்கலாம் என்று தானாகக் கணித்த இடத்தைக் காட்டும். தாழப் பறக்கும் சிறு விமானம் படத்தில் வராமலே போகவும் கூடும். ஆகவே படத்தில் இரண்டு ஒட்டியிருப்பதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், படத்தில் ஒன்றுமே இல்லை என்பதை வைத்து வானம் காலி என்று நம்பவும் வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு நெருங்கினால்தான் ஆபத்து என்று கணக்கு?

ராடர் மூலம் பிரித்து வைக்கும்போது, விமான நிலையத்தைச் சுற்றிய பகுதியில் பொதுவாக 3 கடல் மைல், நெடுவழியில் 5 கடல் மைல், அல்லது செங்குத்தாக 1,000 அடி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். இரண்டுமே ஒரே நேரத்தில் குறைந்தால் இடைவெளி இழப்பு. அது எல்லா வேளையிலும் மோதும் நிலை அல்ல. செங்குத்தாக 1,000 அடி இல்லாதபோது பக்கவாட்டில் 2.8 கடல் மைல் இருந்தாலும் விதி மீறல்தான், ஆனால் இரண்டு விமானிகளும் கவனிக்காமலே போயிருப்பார்கள்.

விமானியோ தரையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோ பாதுகாப்புக் கெட்டுவிட்டது என்று கருதி அறிவித்தால் அது வேறு வகை. சர்வதேச முறையில் அதை நான்காகத் தரம் பிரிப்பார்கள்: ஏ என்றால் மோதும் அபாயம் இருந்தது, பி என்றால் பாதுகாப்பு உறுதியாக இல்லை, சி என்றால் மோதும் அபாயம் இல்லை, டி என்றால் தீர்மானிக்கத் தகவல் போதவில்லை. பத்திரிகையில் 'மயிரிழையில் தப்பியது' என்று வரும் செய்தி இந்த நான்கில் எதுவாகவும் இருக்கலாம்.

மலைநாட்டுக்கு மேல் சிறு விமானமும் பயணிகள் விமானமும் நெருங்கும் வாய்ப்பு எங்கே அதிகம்?

மலை உச்சியில் அல்ல. மலையை விட்டு மேற்கே இறங்கும் இடத்தில்.

கணக்கைப் பார்ப்போம். பயணிகள் விமானம் இறங்கும்போது ஒவ்வொரு 3 கடல் மைலுக்கும் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தை இழக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் 55 கடல் மைல் அளவு. ஆகவே கிழக்கிலிருந்து வந்து கட்டுநாயக்கவில் இறங்கப்போகும் விமானம், நுவரெலியாவைக் கடக்கும்போது 16,000 அடிக்கும் மேலேயே இருக்கும். அதற்குக் கீழே வருவதையும் மலை தடுக்கிறது. கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம் மலைப்பகுதியில், 8 கிலோமீற்றர் சுற்றிலுள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து குறைந்தது 2,000 அடி மேலே இருக்க வேண்டும். பீதுருதாலகால மலை 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. எனவே அதன் அருகே ஏறத்தாழ 10,300 அடிக்குக் கீழே அவர்களுக்கு வேலையில்லை. செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானமோ, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வந்துபோகும் நீர்விமானமோ அங்கே அதற்கும் கீழேதான் இருக்கும்.

மேற்கே வர வர இந்த இடைவெளி சுருங்குகிறது. கட்டுநாயக்கவிலிருந்து 20 கடல் மைலில் பயணிகள் விமானம் 6,000 அடியை ஒட்டியிருக்கும், 10 கடல் மைலில் 3,000 அடியை ஒட்டியிருக்கும். மலையிலிருந்து இறங்கி இரத்மலானை விமான நிலையத்துக்கோ நீர்கொழும்புப் பக்கமோ போகும் சிறு விமானமும் அதே உயரங்களில்தான் இருக்கும். கண்டியிலிருந்து நீர்கொழும்புக்கு நேர்கோடு போட்டுப் பாருங்கள்: கட்டுநாயக்கவின் 22 ஆம் ஓடுபாதையில் வடகிழக்கிலிருந்து இறங்கும் விமானங்களின் பாதையை, ஓடுபாதை முனைக்கு வெகு அருகில் வெட்டும். வரைபடத்தில் மிகக் குறுகிய வழி அதுதான். அனுமதியின்றிப் போகக்கூடாத வழியும் அதுதான்.

காசல்ரீயிலிருந்து இரத்மலானை சுமார் 40 கடல் மைல். 130 நொட், அதாவது மணிக்கு 130 கடல் மைல் வேகத்தில் 20 நிமிடம்கூட ஆகாது. அந்தக் குறுகிய நேரத்தில் மலை இடுக்கைக் கவனிக்கும் வேலை முடிந்து, வானொலி, உயரமானி, அனுமதி என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. தவறு பிறப்பது அங்கே.

விமானிக்குக் கண் இருக்கிறதே. பார்த்து விலகினால் போதாதா?

போதாது. கண் கடைசித் தடுப்பு, அதுவும் பலவீனமான தடுப்பு.

10,000 அடிக்குக் கீழே பயணிகள் விமானத்துக்குப் பொதுவான வேக எல்லை 250 நொட். எதிரே 110 நொட்டில் ஒரு செஸ்னா வந்தால் இரண்டும் 360 நொட்டில் நெருங்குகின்றன. பத்துச் செக்கனுக்கு ஒரு கடல் மைல். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோதப்போகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க ஆகும் நேரம் 12.5 செக்கன் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அதில் கையசைவுக்கு 0.4 செக்கன் மட்டுமே. மோதப்போகிறது என்று புரியவே 5 செக்கன், முடிவெடுக்க 4 செக்கன். ஆக, ஒன்றேகால் கடல் மைலுக்கு முன்பே கண்டிருந்தால்தான் தப்பலாம்.

அந்தத் தூரத்தில் செஸ்னாவின் 11 மீற்றர் இறக்கை முழுவதும் சேர்ந்து முழுநிலவின் விட்டத்தில் பாதியளவுதான் தெரியும். மூன்று கடல் மைலில் அது நிலவின் விட்டத்தில் கால்வாசிக்கும் குறைந்துவிடும். நேரெதிரே வந்தால் தெரிவது மெல்லிய இறக்கைக் கோடும் சிறு உடலும் மட்டும். பின்னணியில் தேயிலைச் சரிவும் மேக நிழலும் இருந்தால் வெள்ளை விமானம்கூட அதற்குள் கரைந்துபோகும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மோதும் பாதையில் இருக்கும் விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசிச் சில செக்கன்களில் திடீரென்று பெருக்கும். மனிதக் கண் அசைவைத்தான் எளிதில் பிடிக்கும். கண்ணாடியில் நகர்ந்துகொண்டிருக்கும் விமானம் கடந்துபோகும். நகராத புள்ளியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. வானத்தை ஒரே வீச்சில் துழாவினால் கண் எதிலும் நிலைக்காது. 10 பாகை அகலத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு செக்கன் நிறுத்த வேண்டும். வெறும் நீலவானத்தைப் பார்க்கும் கண் தானாகவே சில மீற்றர் தூரத்துக்குக் குவிந்துவிடும். அதனால் இடையிடையே தூரத்து மலைமுகட்டையோ மேக விளிம்பையோ பார்த்துக் குவியத்தைத் தள்ளிவிட வேண்டும். இறக்கை மேலே உள்ள விமானத்தில் திரும்பும் பக்கம் மறையும். திரும்புவதற்கு முன் அந்த இறக்கையைச் சற்று உயர்த்திப் பார்ப்பது அதற்காகத்தான். இறக்கை கீழே உள்ள விமானத்தில் கீழ்ப்பக்கம் மறையும். மேலிருந்து இறங்கும் கீழிறக்கை விமானமும் கீழிருந்து ஏறும் மேலிறக்கை விமானமும் சந்தித்தால் இருவருக்குமே மற்றவர் தெரியமாட்டார்.

இருவரும் பார்த்துவிட்டால் யார் விலக வேண்டும்?

நேரெதிர் என்றால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே சந்தித்தால், மற்றவரைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் விலக வேண்டும். முந்துபவர் வலப்பக்கமாக விலகி முந்த வேண்டும். பயணிகள் விமானம் பெரியது என்பதற்காக அதற்குத் தனி முன்னுரிமை கிடையாது. ஆனால் சிறு விமானத்தில் இருப்பவர் முன்னுரிமை பேசிக்கொண்டிருப்பது புத்தியல்ல.

பயணிகள் விமானத்தில் டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

காப்பாற்றும், சிறு விமானம் தன் உயரத்தைச் சொன்னால்.

டிகாஸ் கருவி 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி அனுப்புகிறது. சுற்றிலுமுள்ள விமானங்களின் ட்ரான்ஸ்பொண்டர்கள், அதாவது கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவிகள், 1090 மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்கின்றன. நெருக்கம் நேரப்போவதற்கு, உயரத்தைப் பொறுத்து, 20 முதல் 48 செக்கனுக்கு முன் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கும். 15 முதல் 35 செக்கனுக்கு முன் 'கிளைம்ப்' அல்லது 'டிசென்ட்' என்று கட்டளை தரும். விமானி 5 செக்கனுக்குள் செயற்பட வேண்டும். ஏறும் அல்லது இறங்கும் வேகம் வழக்கமாக நிமிடத்துக்கு 1,500 அடி. கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் டிகாஸ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 2002 ஜூலை 1 அன்று ஜேர்மனியின் யூபர்லிங்கன் அருகே ஒரு விமானி கட்டுப்பாட்டாளர் சொல்லை ஏற்று இறங்க, மற்றவர் டிகாஸ் சொன்னபடி இறங்க, 71 பேர் இறந்தார்கள்.

சிறு விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டர் உயரத்தை அனுப்பாவிட்டால் டிகாஸ் எச்சரிக்கும், ஆனால் ஏறு, இறங்கு என்று சொல்ல அதற்கு வழியில்லை. ட்ரான்ஸ்பொண்டரே அணைந்திருந்தால் டிகாஸுக்கு அந்த விமானம் இல்லவே இல்லை. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே கட்டளைகள் எல்லாமே தடுக்கப்பட்டுவிடும். 2025 ஜனவரி 29 அன்று வொஷிங்டனில் இராணுவ ஹெலிகொப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தது சுமார் 300 அடி உயரத்தில். அந்த உயரத்தில் எச்சரிக்கை மட்டும் ஒலித்தது, கட்டளை வரவில்லை. ஹெலிகொப்டர் பாதைக்கு அங்கே இருந்த உயர எல்லை 200 அடி.

ட்ரான்ஸ்பொண்டரில் என்ன தவறு நடக்கும்?

பெரும்பாலும் குமிழில். பழைய கருவிகளில் குமிழ் அணை, காத்திரு, இயக்கு, உயரம் என்ற நிலைகளில் நிற்கும். 'இயக்கு' நிலையில் நான்கிலக்கக் குறியீடு மட்டும் போகும். 'உயரம்' நிலையில்தான் உயரமும் சேர்ந்து போகும். புறப்படும் அவசரத்தில் 'காத்திரு' நிலையிலோ 'இயக்கு' நிலையிலோ விட்டுவிட்டுப் பறப்பதுதான் அடிக்கடி நடப்பது. பதில் விளக்கு மினுங்குகிறதே என்று விமானி நினைத்துக்கொள்வார். குறியீடு மட்டும் போனாலும் அது மினுங்கும்.

சரிபார்க்கும் ஒழுங்கு இது. ஓடுபாதையில் ஏறும் முன் கொடுக்கப்பட்ட குறியீட்டைப் போட்டு, குமிழை 'உயரம்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும். குறியீட்டை மாற்றும்போது 7500, 7600, 7700 ஆகிய எண்களைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறையே கடத்தல், வானொலிச் செயலிழப்பு, அவசரநிலை என்பவற்றைக் குறிப்பவை அவை. முதல் தொடர்பில் தன் உயரத்தை வானொலியில் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைத் திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிடுவார். 300 அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உயரமானி அமைப்பைச் சரிபார்க்கச் சொல்வார். அதற்கும் சரிவராவிட்டால் உயரம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லலாம். பொய்யான உயரம், உயரமே இல்லாததைவிட மோசமானது.

அன்டெனா வயிற்றுப்பக்கம் இருப்பதால் கூர்மையாகச் சாய்ந்து திரும்பும்போது சமிக்ஞை மறையலாம். பள்ளத்தாக்கில் வட்டமடிக்கும் விமானம் திரையில் தோன்றித் தோன்றி மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரமானியே பொய் சொல்லுமா?

சொல்லும், அழுத்த எண்ணைத் தவறாக வைத்தால். உயரமானி காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை, அதாவது கியூஎன்எச் எண்ணை, சிறு சாளரத்தில் வைத்தால்தான் அது உண்மையான உயரத்தைக் காட்டும். தாழ்ந்த உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 27 முதல் 30 அடி வரை. 1009 என்று சொன்னதை 1019 என்று கேட்டு வைத்தால், விமானம் காட்டுவதைவிட ஏறக்குறைய 280 அடி தாழ்வாகப் பறக்கும். மலைமுகட்டைத் தாண்டும்போது அது ஒரு ஆபத்து. மேலே கீழே 500 அடி இடைவெளியை நம்பிப் பறக்கும்போது இன்னொரு ஆபத்து.

வெப்பமண்டலத்தில் புயல் எதுவும் இல்லாவிட்டாலும் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு; வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். காலையில் வைத்த எண்ணோடு பின்னேரம் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட 90 அடி பிசகும். சின்னப் பிசகுதான், ஆனால் மற்றப் பிசகுகளோடு கூடிக்கொள்ளும்.

ஒரு நல்ல அம்சம்: ட்ரான்ஸ்பொண்டர் அனுப்பும் உயரம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டது. விமானி சாளரத்தில் என்ன வைத்தாலும் அது மாறாது. ஆகவே விமானி ஏமாந்தாலும் டிகாஸும் கட்டுப்பாட்டாளரின் திரையும் ஏமாறுவதில்லை. முதல் தொடர்பில் உயரத்தைச் சொல்லி ஒப்பிடும் வழக்கத்தின் பலன் இதுதான்.

500 அடி என்றீர்கள். 1,000 அடி என்பதுதானே விதி?

கட்டுப்பாட்டாளர் பிரித்து வைக்கும் விமானங்களுக்கு 1,000 அடி. ஆனால் விஎஃப்ஆர் எனப்படும், கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் செல்பவருக்கு உயர அட்டவணை வேறு. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல், காந்தத் திசை 0 முதல் 179 வரை என்றால் ஒற்றை ஆயிரத்தோடு 500: 5,500, 7,500, 9,500. திசை 180 முதல் 359 வரை என்றால் இரட்டை ஆயிரத்தோடு 500: 6,500, 8,500. கருவி முறையில் செல்பவர்கள் முழு ஆயிரங்களில் இருப்பார்கள். அதனால் இரண்டு முறைகளுக்கும் இடையே 500 அடிதான். அந்த 500 அடியில் ஒருவர் கியூஎன்எச் எண்ணில் 280 அடியைத் தவறவிட்டு, இன்னொருவர் கைப்பிடியில் 100 அடி அலைந்தால் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வான்வெளியின் வகுப்பும் முக்கியம். எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பொறுத்து வானத்தைப் பிரிக்கும் எழுத்துகள் இவை; முன்பு சொன்ன ஏ, பி, சி, டி தரங்கள் அல்ல. பி, சி வகுப்புகளில் கருவி முறை விமானத்திலிருந்து விஎஃப்ஆர் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் பிரித்து வைப்பார். டி வகுப்பில் உள்ளே வர இருவருக்கும் அனுமதி வேண்டும், ஆனால் விஎஃப்ஆர் விமானத்துக்குக் கிடைப்பது தகவல் மட்டும்: இன்ன திசையில், இன்ன தூரத்தில், இன்ன விமானம். விலகுவது விமானியின் பொறுப்பு. ஜி வகுப்பில் அனுமதியும் இல்லை, பிரிப்பும் இல்லை. 'அனுமதி கொடுத்தார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று டி வகுப்பில் நினைத்துக்கொள்வது பழைய தவறு.

மலைகளுக்கு நடுவே வானொலி எட்டுமா?

எப்போதும் எட்டாது. வானொலி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. சமதரையில் 6,000 அடியில் பறப்பவருக்கு 95 கடல் மைல் வரை எட்டலாம். ஆனால் மஸ்கெலியா, கொத்மலைப் பள்ளத்தாக்குகளில் முகட்டுக்குக் கீழே இறங்கினால் சில கடல் மைலிலேயே அறுந்துவிடும். ராடருக்கும் இதே கதி. எனவே பள்ளத்தாக்கில் இறங்கும் முன்பே நோக்கத்தையும் மறுபடி தொடர்பு கொள்ளப்போகும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது கட்டுப்பாட்டு வான்வெளியின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு அனுமதி கேட்கக்கூடாது. முகட்டைத் தாண்டி வானொலி தெளிந்ததுமே கேட்க வேண்டும். அனுமதி வரவில்லையா, வெளியிலேயே வட்டமடிக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் 'காத்திருங்கள்' என்று சொன்னால் அது அனுமதி அல்ல.

மேகம் வந்தால்?

10,000 அடிக்குக் கீழே விஎஃப்ஆர் விமானத்துக்குப் பார்வைத் தூரம் 5 கிலோமீற்றர் வேண்டும். கட்டுப்பாட்டு வான்வெளியில் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றர், செங்குத்தாக 1,000 அடி விலகியிருக்க வேண்டும். மேகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதற்குள்ளிருந்து 250 நொட்டில் ஒரு விமானம் வெளியே வந்தால் 1,500 மீற்றரைக் கடக்க அதற்கு 12 செக்கனே போதும். மேலே சொன்ன 12.5 செக்கனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த விலகலே போதாமல்தான் இருக்கிறது.

மலைநாட்டில் மேகம் பின்னேரம் எழும்பும், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும். மேகத்தின் கீழே நுழைந்தால் மலை, மேலே ஏறினால் பயணிகள் விமானப் பாதை. ஏறுவதும் எளிதல்ல. நுவரெலியாவின் 6,100 அடி உயரத்தில் வெப்பநிலை 20 பாகை என்றால் இயந்திரமும் இறக்கையும் 8,000 அடிக்கு மேல் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் சிறு விமானம் அங்கே பாதியளவுதான் ஏறும். அதனால் சிறு விமானி விலக வேண்டுமானால் திரும்புவதுதான் கைகொடுக்கும். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: டிகாஸ் கட்டளை மேலே, கீழே என்றே வரும், பக்கவாட்டில் திரும்புவது அதோடு முரண்படாது.

உலகில் இப்படிச் சிறு விமானம் மோதிய விபத்துகள் உண்டா?

இரண்டைத் தெரிந்திருக்க வேண்டும். 1978 செப்டெம்பர் 25, சான் டியேகோ. இறங்கிக்கொண்டிருந்த போயிங் 727, ஒரு செஸ்னா 172 மீது மேலிருந்து மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். செஸ்னா இருப்பது 727 விமானிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பார்த்தோம் என்றார்கள், பிறகு தவறவிட்டார்கள், கடந்துவிட்டோம் என்று நினைத்தார்கள். தவறவிட்டதைத் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னாவும் கொடுக்கப்பட்ட திசையிலிருந்து விலகியிருந்தது. தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில், மோதலுக்கு 19 செக்கனுக்கு முன் எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அது பயன்படாமல் போனது. 'பார்க்கிறேன்' என்று சொன்ன விமானி, பார்வை தவறிய அந்தக் கணமே 'தவறவிட்டேன்' என்று சொல்ல வேண்டும்.

மற்றது 1986 ஓகஸ்ட் 31, லொஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ். ஒரு பைப்பர் சிறு விமானம் அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் புகுந்தது. அதன் ட்ரான்ஸ்பொண்டர் உயரத்தை அனுப்பவில்லை. டிசி-9 விமானத்தோடு மோதி, தரையில் 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா பெரிய விமான நிலையங்களைச் சுற்றி உயரம் அனுப்பும் ட்ரான்ஸ்பொண்டரையும், 1993 முடிவுக்குள் பெரிய பயணிகள் விமானங்களில் டிகாஸையும் கட்டாயமாக்கியது.

நமக்கு அருகில் நடந்தது 1996 நவம்பர் 12, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி. இரண்டும் பெரிய விமானங்கள்தான், ஆனால் காரணம் அதே வகை, அனுமதியை மீறியது: ஒன்று தனக்குக் கொடுத்த 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது. 349 பேர் இறந்தார்கள்.

1974இல் மஸ்கெலியாப் பக்கம் விழுந்த விமானம் மோதலா?

இல்லை. 1974 டிசெம்பர் 4 அன்று, ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவிலிருந்து கட்டுநாயக்க நோக்கி வந்த டிசி-8, ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். இன்னொரு விமானம் அதில் சம்பந்தப்படவில்லை. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலையைத் தாண்டும் முன்பே இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

மோதாமலே ஆபத்து வருமா?

வரும், பின்னோட்டச் சுழலால். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து வரும் சுழற்காற்று நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். செஸ்னாவைக் கவிழ்க்க அது போதும். அகன்ற உடல் விமானத்தின் பின்னே சிறு விமானத்துக்கு 6 கடல் மைல், ஏ380 பின்னே 8 கடல் மைல், ஏ320 போன்றதன் பின்னே 5 கடல் மைல் விடுவார்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் பெரிய விமானத்தின் பாதைக்கு மேலாகக் கடக்க வேண்டும், கீழாகக் கூடாது.

நான் பயணியாக இருக்கும்போது டிகாஸ் கட்டளை வந்தால் தெரியுமா?

இருக்கையில் அழுத்தமோ வயிற்றில் லேசான எழுச்சியோ தெரியும். சில வேளை விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே திரும்ப ஏறும். காயப்படுபவர்கள் வழக்கமாக இருக்கைப் பட்டி போடாதவர்களும் நின்றுகொண்டிருப்பவர்களும். பட்டி போட்டுக்கொள்ளுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

நெருக்கம் நடந்தால் சிறு விமானி என்ன செய்ய வேண்டும்?

அந்த நேரத்திலேயே அதே அலைவரிசையில் அறிவிக்க வேண்டும். தரை இறங்கியதும், நினைவு மாறும் முன், எழுதி வைக்க வேண்டும்: நேரம், இடம், திசை, உயரம், வைத்திருந்த கியூஎன்எச் எண், ட்ரான்ஸ்பொண்டர் குமிழின் நிலை, மேகம், சூரியன் இருந்த பக்கம், மற்ற விமானத்தின் நிறமும் இறக்கை அமைப்பும், முதலில் எப்போது கண்டது, எவ்வளவு மேலே அல்லது கீழே, எவ்வளவு பக்கவாட்டில் கடந்தது. எழுத்து அறிக்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்குப் போக வேண்டும். தன் குமிழ் தவறான நிலையில் இருந்திருந்தால் அதையும் எழுத வேண்டும்; அதை மறைத்த அறிக்கையால் ஆய்வாளருக்குப் பயனில்லை. தூரத்தை மதிப்பிடுவதில் மனிதர்கள் பெரிதும் தவறுவார்கள். ஆகவே 'அரை மைல்' என்று முடிவாக எழுதுவதைவிட, சன்னல் பட்டி உங்களுக்குக் குறியாக இருந்தால் 'சன்னல் பட்டியின் அகலத்துக்கு இறக்கை தெரிந்தது' என்று எழுதினால், அதிலிருந்து ஆய்வாளர் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்வார்.

எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கு ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வீட்டு ட்ரோனில் ட்ரான்ஸ்பொண்டர் இல்லை; டிகாஸுக்கும் ராடருக்கும் அது தெரியாது. நீர்விமானம் காசல்ரீயில் இறங்கும்போது மரமட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், அதுவும் தண்ணீரின் நீளத்தை ஒட்டி. ஆகவே நீர்த்தேக்கக் கரையில் படம்பிடிப்பவர்கள் ட்ரோனைத் தண்ணீருக்கு மேல் நீட்டிப் பறக்கவிடக் கூடாது. இயந்திரச் சத்தம் கேட்டவுடனே, எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிராமல், ட்ரோனைக் கீழே இறக்க வேண்டும். மலைகள் சத்தத்தை எதிரொலிப்பதால் காது காட்டும் திசை பெரும்பாலும் பிழையாக இருக்கும். பறக்கவிடும் முன் அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். கல்யாணப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு வருபவரிடம் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.